கரணையைக் கீழே வைத்துவிட்டுப் பேசுங்கள்: சின்னஞ்சிறு குழந்தைகளுக்குச் சைகை மொழியில் தொல்லியல்

மணல் தொட்டிக்குள் துழாவிக்கொண்டிருந்த ஐந்து வயதுச் சிறுமி உடைந்த பானையின் ஓட்டுத் துண்டு ஒன்றை வெளியே எடுத்தாள். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. உடனே என் கைகள் பேசத் தொடங்கிவிட்டன. இது பானையின் வாய்ப்பகுதி, இங்கே வளைந்திருக்கிறது பார், இதன் மற்ற துண்டுகளும் உள்ளே இருக்கின்றன என்றெல்லாம் சைகையில் சொல்லி முடித்தபோதுதான் அவள் தலை நிமிர்ந்தாள். அதுவரை அவள் கண் ஓட்டின் மீதே இருந்தது. நான் சொன்னதில் ஒரு சொல்கூட அவளிடம் போய்ச் சேரவில்லை.

காது கேட்கும் குழந்தை பொருளைப் பார்த்துக்கொண்டே விளக்கத்தையும் கேட்கும். சைகை மொழியில் வாழும் குழந்தைக்குப் பொருள், விளக்கம் இரண்டும் கண் வழியாகவே வந்தாக வேண்டும். கைகளுக்கும் இதே நெருக்கடிதான். கரணை என்ற சிறு கரண்டியால் தோண்டவும் கை வேண்டும், பேசவும் கை வேண்டும். கண்ணுக்கும் கைக்கும் உள்ள இந்த நெருக்கடியை உணர்ந்து வகுப்பை அமைப்பதுதான் இந்த வேலையில் முக்கால் பங்கு. தொல்லியல் பட்டமோ பெரிய கருவிகளோ தேவையில்லை.

நான்கு முதல் ஏழு வயது வரையுள்ள காது கேளாத குழந்தைகளோடு முதன்முறையாக இதைச் செய்யப் போகும் ஆசிரியர்கள், அருங்காட்சியகத் தன்னார்வலர்கள், பெற்றோர் ஆகியோரை நினைத்து எழுதுகிறேன். காது கேட்கும் குழந்தைகளும் கலந்திருக்கும் வகுப்புக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் படி: எந்தச் சைகை மொழி, யாருடன்

உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரே சைகை மொழி கிடையாது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பேசப்படுவது ஆங்கிலம்தான். ஆனால் அந்த நாடுகளின் சைகை மொழிகள் ஒன்றுக்கொன்று புரியாதவை. அமெரிக்கச் சைகை மொழிக்கு உறவு பிரெஞ்சுச் சைகை மொழியோடுதான். எனவே இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு காணொளியைப் பார்த்து நான்கு சைகைகளைக் கற்றுக்கொண்டு வகுப்புக்குப் போகாதீர்கள். உங்கள் குழந்தைகள் பள்ளியிலும் வீட்டிலும் எந்தச் சைகை மொழியைப் புழங்குகிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

சைகை மொழி என்பது பேச்சு மொழியைக் கையால் நடித்துக் காட்டுவது அல்ல. வில்லியம் ஸ்டோக்கி என்ற அமெரிக்க ஆய்வாளர் 1960-ல் இதை மொழியியல் முறைப்படி எடுத்துக்காட்டினார். கையின் வடிவம், அது இருக்கும் இடம், அசைவு ஆகியவை சேர்ந்துதான் ஒரு சைகைச் சொல் உருவாகிறது. ஒன்றை மாற்றினால் பொருள் மாறிவிடும். புருவமும் வாயும் தலையசைப்பும் இந்த மொழியின் இலக்கணத்தில் சேர்ந்தவை. முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு கையை மட்டும் அசைப்பவரின் பேச்சு குழந்தைகளுக்குப் பாதிதான் புரியும்.

ஆகவே, காது கேளாத பெரியவர் ஒருவரை உடன் சேர்த்துக்கொள்ளுங்கள். உதவியாளராக அல்ல, சரிசமமாக வகுப்பு நடத்துபவராக. மொழிபெயர்ப்பாளர் இருந்தால் நல்லதுதான், ஆனால் அவர் இந்த இடத்தை நிரப்ப முடியாது. அமெரிக்கக் கணக்கெடுப்புகளின்படி, காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். சைகையில் சரளமாகப் பேசும் பெரியவரை அடிக்கடி பார்க்கும் வாய்ப்பே இல்லாத குழந்தைகள் பலர் உண்டு. தன்னைப் போன்ற ஒருவர் மண்ணைக் கிளறி, ஓட்டைத் தூக்கிப் பிடித்து, அதைப் பற்றி அழகாகப் பேசுவதை அந்தக் குழந்தை பார்க்கிறதே, அதற்கு ஈடாக நான் எதையும் கற்பித்துவிட முடியாது.

இன்னொன்றும் இதிலிருந்து தெரிகிறது. உங்கள் வகுப்புக்கு வரும் குழந்தை மொழியையே இன்னும் கற்றுக்கொண்டிருக்கலாம். அப்படியானால் தொல்லியல் வகுப்பே மொழி வகுப்பும்தான். அவசரப்படாதீர்கள்.

இரண்டாம் படி: சொற்களைச் சேகரியுங்கள்

தொல்லியல் என்றதும் பெரிய பெரிய கலைச்சொற்களுக்குச் சைகை தேடி அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன். சின்னக் குழந்தைக்கு அவை வேண்டாம். மண், மேலே, கீழே, பழையது, புதியது, உடைந்தது, பொருந்துகிறது, தேடு, மெதுவாக, எங்கே, யாருடையது, எதற்காக, இருக்கலாம், தெரியவில்லை. இந்தப் பதினான்கும் இருந்தால் ஓர் அகழாய்வையே நடத்திவிடலாம். இவற்றில் பெரும்பாலானவை குழந்தைகளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். ‘இருக்கலாம்’, ‘தெரியவில்லை’ ஆகிய இரண்டுக்கு மட்டும் தனிப் பயிற்சி கொடுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

‘தொல்லியல்’, ‘அகழாய்வு’ போன்ற சொற்களுக்கு உங்கள் சைகை மொழியில் நிலைபெற்ற சைகை இருக்கிறதா என்று உடன் நடத்துபவரிடம் கேளுங்கள். இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால், காது கேட்கும் நீங்கள் உட்கார்ந்து புதிதாக ஒன்றை உண்டாக்காதீர்கள். சொல் உருவாக்கும் உரிமை அந்த மொழியைப் பேசுபவர்களுக்கு உரியது. ‘மண்ணுக்குள் தேடி முன்னோரைப் பற்றித் தெரிந்துகொள்வது’ என்று விரித்துச் சொன்னாலே குழந்தைக்குப் புரியும். எழுத்துகளை விரலால் ஒவ்வொன்றாகக் காட்டும் முறை படிக்கத் தெரியாத வயதில் பெரிதாக உதவாது.

குழந்தைகள் தாங்களாகவே ஒரு சைகையை உருவாக்கினால் அது வேறு கதை. அதை அந்த வகுப்பின் சொல்லாக ஏற்றுக்கொள்ளுங்கள். நிகரகுவாவில் 1970-களின் கடைசியிலும் 1980-களிலும் புதிய பள்ளிகளில் ஒன்றுகூடிய காது கேளாத குழந்தைகள், யாரும் சொல்லிக்கொடுக்காமல், தங்களுக்குள் ஒரு முழு மொழியையே வளர்த்தெடுத்தார்கள். குழந்தைகளின் கைகளில் அந்த ஆற்றல் உண்டு. ‘நம் வகுப்பில் இப்படிச் சொல்கிறோம், வெளியே வேறு மாதிரி இருக்கலாம்’ என்று மட்டும் தெளிவுபடுத்திவிடுங்கள்.

சைகை மொழியில் பொருளின் வடிவத்தையும் அளவையும் கையாலேயே காட்டும் சொற்கள் ஏராளம். தட்டையான கை ஒரு பலகையாகும், வளைந்த இரு கைகள் பானையின் வயிறாகும், கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் உள்ள இடைவெளி ஓட்டின் தடிமனாகும். தொல்லியலாளர் குறிப்பேட்டில் எழுதும் விவரங்கள் இவைதானே! வாய் அகலம், சுவர்த் தடிமன், வளைவு. பேச்சு மொழியில் ‘பானைத் துண்டு’ என்ற ஒரே சொல்லோடு முடிந்துவிடுவது, சைகையில் அளவோடும் வடிவத்தோடும் வந்து நிற்கிறது. இந்த வளத்தை வகுப்பில் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பல சைகை மொழிகளில் கடந்த காலம் தோளுக்குப் பின்னால் இருக்கிறது. நெடுங்காலத்துக்கு முன்பு என்றால் கை இன்னும் பின்னோக்கிப் போகும். அகழாய்விலோ பழையது கீழே இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் இருந்த பழங்காலம் எப்படிக் காலுக்கடியில் போனது? சின்னக் குழந்தைக்கு இது நிஜமான குழப்பம். சமாளிக்க எளிய வழி இருக்கிறது. தட்டையாக ஒரு கையை வைத்து, அதன் மேல் அடுத்த குழந்தையின் கை, அதன் மேல் இன்னொரு கை என்று அடுக்கச் சொல்லுங்கள். முதலில் வந்த கை யாருடையது? அடியில் இருப்பது. 1669-ல் நிக்கோலஸ் ஸ்டெனோ என்ற டென்மார்க் அறிஞர் பாறை அடுக்குகளைப் பற்றி எழுதிய விதியும் அடிப்படையில் இதுதான்: கலைக்கப்படாத அடுக்குகளில் அடியில் இருப்பது முந்தியது. கைகளை அடுக்கிப் பார்த்த குழந்தைக்கு மண்ணடுக்கு என்றால் என்ன என்று மறுபடியும் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் படி: இடம்

உங்கள் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருக்கக் கூடாது. வெளிச்சம் உங்கள் முகத்திலும் கைகளிலும் விழ வேண்டும். உங்கள் தோல் நிறத்திலிருந்து வேறுபட்டுத் தெரியும் ஒற்றை நிறச் சட்டை அணியுங்கள். பூப்போட்ட துணி முன்னால் விரல்கள் தொலைந்துபோகும். குழந்தைகள் அரைவட்டமாக உட்காரட்டும், அப்போதுதான் ஒருவர் கையை மற்றவர் பார்க்க முடியும். தொட்டியைத் தரையில் வைத்தால் எல்லோரும் குனிந்துகொள்வார்கள். குனிந்த தலை எதையும் படிக்காது. குழந்தையின் இடுப்பு உயரத்துக்கு ஒரு மேசை மீது வையுங்கள். ஒரு தொட்டிக்கு மூன்று அல்லது நான்கு குழந்தைகள் போதும்.

கவனத்தைத் திருப்ப விளக்கை ஒருமுறை அணைத்துப் போடலாம், கையை வீசலாம், தோளை மெல்லத் தொடலாம். முகவாயைப் பிடித்துத் திருப்பக் கூடாது.

செவித்துணைக் கருவியோ, அறுவை செய்து பொருத்தும் கேட்புக் கருவியான காக்ளியர் இம்ப்ளான்டோ அணிந்த குழந்தைகள் இருப்பார்கள். மணலும் ஈரமும் அவற்றுக்கு ஆகாது. கழற்றலாமா, மூடி வைக்கலாமா என்று பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், நீங்களாக முடிவெடுக்காதீர்கள்.

நான்காம் படி: அகழாய்வுத் தொட்டி

ஆழமான பிளாஸ்டிக் தொட்டி ஒன்று. அடியில் கருமண், நடுவில் மணல், மேலே வெளிர் நிறச் சிறுகற்கள் என்று கண்ணுக்குப் பளிச்சென்று வேறுபடும் மூன்று அடுக்குகள். தொட்டி உள்ளே தெரியும்படி இருந்தால் இன்னும் நல்லது. பக்கவாட்டில் அடுக்குகளைப் பார்க்கலாம். மேல் அடுக்கில் பாட்டில் மூடி, நடுவில் மணிகளோ பழைய சட்டைப் பொத்தானோ, அடியில் பானை ஓடுகள். தொட்டியின் மேல் குறுக்கும் நெடுக்குமாக நூல் கட்டி நான்கு கட்டங்களாகப் பிரியுங்கள். கட்டங்களுக்கு எண்ணுக்குப் பதிலாக நான்கு வண்ணங்கள் கொடுங்கள்.

டைனோசர் பொம்மைகளைப் புதைக்காதீர்கள். குழந்தைகளுக்குப் பிடிக்கும் என்று பலரும் இதைச் செய்கிறார்கள். டைனோசர்கள் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டன. மனிதர்கள் அப்போது இல்லவே இல்லை. தொல்லியல் தேடுவது மனிதர்கள் விட்டுச் சென்றதை. ஒருமுறை இரண்டையும் கலந்துவிட்டால் பிரித்தெடுக்க நெடுநாள் ஆகும். அதேபோல் உண்மையான தொல்பொருள்களை இதற்குப் பயன்படுத்துவது எந்தச் சாக்கிலும் தவறு.

பானைக்குப் புதிய மண்பானை ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். தடித்த துணியில் சுற்றி, ஒருமுறை தட்டி உடையுங்கள். பத்துப் பன்னிரண்டு துண்டுகளுக்கு மேல் வேண்டாம். கூர்மையான ஓரங்களை உப்புத்தாளால் தேயுங்கள்; ஆனால் ஓரங்களின் வடிவம் மாறிவிடாதபடி லேசாக. பொருந்தும் ஓரம்தான் இந்த விளையாட்டின் உயிர். வாய்க்குள் போடக்கூடிய அளவுள்ள சில்லுகளையும் மணிகளையும் மிகச் சிறு குழந்தைகள் இருக்கும் தொட்டியில் போடக் கூடாது.

இனி முக்கியமான ஏற்பாடு. ஒன்றோடொன்று பொருந்தும் துண்டுகளை ஒரே கட்டத்தில் புதைக்காதீர்கள். ஒன்றைச் சிவப்புக் கட்டத்திலும் அதன் ஜோடியை நீலக் கட்டத்திலும் வையுங்கள். அப்போது தன் துண்டுக்கு ஜோடி தேடும் குழந்தை, எதிரில் இருப்பவரிடம் பேசியே தீர வேண்டும். நீங்கள் ‘பேசுங்கள்’ என்று சொல்ல வேண்டிய தேவையே வராது.

ஐந்தாம் படி: காட்டு, காத்திரு, பேசு

கருவிகளை வைப்பதற்கு ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வண்ணத் துணி கொடுங்கள். பேச வேண்டும் என்றால் கரணையும் தூரிகையும் துணி மேல் போக வேண்டும். இதுதான் வகுப்பின் ஒரே விதி. உங்களுக்கும் இதே விதிதான். கருவி கையில் இருக்கும்போது பெரியவர்கள் அரைகுறையாக ஒற்றைக் கையால் பேசிவிடுவார்கள். குழந்தைகளும் அதைப் பார்த்துப் பழகிக்கொள்வார்கள்.

பொருள் ஏதாவது கிடைத்ததும் குழந்தையைப் பார்க்க விடுங்கள். பேசாதீர்கள். அது திருப்பிப் பார்க்கும், தடவும், முகர்ந்துகூடப் பார்க்கும். பிறகு தலை நிமிரும். அந்த நிமிர்வுதான் ‘இப்போது சொல்லுங்கள்’ என்ற அழைப்பு. இரண்டு வாக்கியம் சொல்லுங்கள். மறுபடி பொருளைச் சுட்டுங்கள், காத்திருங்கள், அடுத்த இரண்டு வாக்கியம். காது கேளாத தாய்மார் தங்கள் சிறு குழந்தைகளிடம் பேசுவதைக் கவனித்த ஆய்வாளர்கள் இதையேதான் பதிவு செய்திருக்கிறார்கள். குழந்தையின் கண் தங்கள் பக்கம் வரும்வரை அவர்கள் காத்திருக்கிறார்கள். அல்லது குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும் பொருளுக்கு அருகிலேயே கையைக் கொண்டுபோய்ச் சைகை செய்கிறார்கள். இரண்டாவது வழி உங்களுக்கும் உதவும். பானை ஓட்டுக்குப் பக்கத்தில் கை வைத்து ‘உடைந்தது’ என்று சொன்னால், பொருளும் சொல்லும் ஒரே பார்வையில் விழுந்துவிடும்.

முதல் சில தடவை இந்தக் காத்திருப்பு மிக நீளமாகத் தோன்றும். எனக்கு விரல்கள் துடிக்கும். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

வாயால் பேசிக்கொண்டே சைகையும் செய்வதைத் தவிர்த்துவிடுங்கள். இரண்டு மொழிகளுக்கும் இலக்கணம் வேறு வேறு; இரண்டையும் ஒன்றாக ஓட்டினால் முதலில் சிதைவது சைகைதான். காது கேட்கும் குழந்தைகளும் இருந்தால் முந்தைய நாளே அவர்களுக்குப் பத்துச் சைகைகள் சொல்லிக்கொடுங்கள். தொட்டியைச் சுற்றி நிற்கும் நேரம் எல்லோருக்கும் சைகை நேரமாகவே இருக்கட்டும். ஆனால் எந்தக் குழந்தையையும் இன்னொரு குழந்தைக்கு மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள். அதுவும் தோண்டத்தான் வந்திருக்கிறது.

ஆறாம் படி: ஒரு கதையோடு தொடங்குங்கள்

தோண்டுவதற்கு முன் பத்து நிமிடம் ஒரு கதை. நான் எப்போதும் சொல்வது ஸ்பெயினின் அல்தமிரா குகைக் கதை. 1879-ல் மார்செலினோ சான்ஸ் தே சவுத்துவோலா என்பவர் அந்தக் குகைத் தரையில் கற்கருவிகள் தேடிக்கொண்டிருந்தார். உடன் வந்திருந்தாள் எட்டு வயது மகள் மரியா. அப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் மேலே பார்த்தாள். குகைக் கூரை முழுக்கக் காட்டெருமைகள்! பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் வரைந்தவை. பெரிய அறிஞர்கள் நம்ப மறுத்தார்கள். அவர்களில் முக்கியமானவரான எமில் கார்த்தையாக், தான் நினைத்தது தவறு என்று 1902-ல் எழுதி ஒப்புக்கொண்டார். மரியாவின் அப்பா 1888-லேயே இறந்துவிட்டிருந்தார்.

இந்தக் கதை சைகை மொழிக்கென்றே பிறந்தது போல் இருக்கும். கதை சொல்பவர் உடலைச் சற்று ஒரு பக்கம் திருப்பினால் அப்பா ஆகிறார். கண் தரையில், கைகள் மண்ணில். மறுபக்கம் திரும்பினால் மகள். கண் மெல்ல மேலே போகிறது, வாய் திறக்கிறது, ஒரு கை விளக்கை உயர்த்துகிறது. ‘அப்பா சொன்னார்’, ‘மகள் சொன்னாள்’ என்று சொல்லவே வேண்டாம். பின் மறுபடி அப்பா. மகள் அவர் தோளைத் தட்டுகிறாள், அவர் கவனிக்கவில்லை, மறுபடி தட்டுகிறாள். இந்த இடத்தில் குழந்தைகள் எல்லோரும் மேலே பார்த்துவிடுவார்கள், வகுப்பறைக் கூரையை! இந்தக் கதையை உடன் நடத்தும் காது கேளாத ஆசிரியரே சொல்லட்டும். கண்ணால் உலகைப் பிடிக்கும் குழந்தைகளுக்கு, கண்ணால் உலகை மாற்றிய ஒரு சிறுமியை அறிமுகம் செய்கிறோம்.

கதை முடிந்து கைகள் துறுதுறுவென்று இருக்கும்போது தொட்டிக்குப் போகலாம். இருபது நிமிடம் தோண்டல், பத்து நிமிடம் பேச்சு. சின்னக் குழந்தைகளின் கண்கள் களைத்துவிடும். பார்வையாலேயே எல்லாவற்றையும் வாங்கும் குழந்தைக்குக் களைப்பு இன்னும் சீக்கிரம் வரும். அதற்கு மேல் இழுக்காதீர்கள்.

ஏழாம் படி: எப்படித் தெரியும்?

ஒரு வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பையன் வாய் விளிம்புள்ள துண்டு ஒன்றை எடுத்தான், உள்ளங்கை அகலம்கூட இல்லை. துணி மேல் தூரிகையை வைத்தான். துண்டை மேசையில் வைத்துவிட்டு, அதன் வளைவின் மேல் ஆட்காட்டி விரலை ஓட்டினான். விரல் துண்டின் ஓரத்துக்கு வந்தது. நிற்கவில்லை. அதே வளைவில் மேசை மேல் போய், சுற்றி வந்து, தொடங்கிய இடத்தில் முடிந்தது. பிறகு இரண்டு கைகளையும் வளைத்து, அந்த வட்டத்தின் மேல் நிறுத்தி, ‘இவ்வளவு பெரியது’ என்று காட்டினான். முகத்தில் அப்படியொரு தீவிரம்.

விளிம்புத் துண்டின் வளைவை வட்டங்கள் வரைந்த தாளில் வைத்து, முழுப் பானையின் வாய் விட்டத்தைக் கணக்கிடுவது அகழாய்வுக் களங்களில் அன்றாடம் நடக்கும் வேலை. ஆறு வயதுப் பையன் அதைத் தன் மொழியைக் கொண்டு கண்டுபிடித்துவிட்டான். அடுத்த வகுப்பிலிருந்து ஒரே மையத்தில் பல வட்டங்கள் வரைந்த அட்டை ஒன்றை மேசையில் வைக்கத் தொடங்கினேன். நீங்களும் வையுங்கள். பயன்படுத்தச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். யாராவது ஒருவர் துண்டை அதன் மேல் வைத்துப் பார்ப்பார்.

பேசும் நேரத்தில் நீங்கள் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: ‘எப்படித் தெரியும்?’ இது சமையல் பானை என்று குழந்தை சொன்னால், தடயத்தைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். கரி படிந்த இடமா? அப்படியானால் சரி. தொட்டுக் காட்ட ஒன்றும் இல்லையென்றால் ‘இருக்கலாம்’. எதுவுமே பிடிபடவில்லை என்றால் ‘தெரியவில்லை’. ‘தெரியவில்லை’ என்று நீங்கள் அடிக்கடி சொல்லுங்கள், தோள் தளராமல், ஆர்வத்தோடு சொல்லுங்கள். முகம்தான் இங்கே இலக்கணம் என்பதால், வருத்தமான முகத்தோடு சொன்ன ‘தெரியவில்லை’ குழந்தைக்குத் தோல்வியாகப் புரியும். விரிந்த கண்களோடு சொன்னால் அடுத்த தேடலின் தொடக்கமாகப் புரியும்.

குழந்தையின் சைகை சற்றுத் தவறாக இருந்தால் உடனே திருத்த வேண்டாம். எண்ணத்துக்கு முதலில் பதில் சொல்லுங்கள். அந்தப் பதிலுக்குள் சரியான சைகை தானாக வந்துவிடட்டும்.

எட்டாம் படி: பதிவு

அகழாய்வு என்றால் குறிப்பேடு வேண்டும். எங்கே கிடைத்தது, எந்த அடுக்கில், எதனோடு சேர்ந்து என்ற விவரம் இல்லாமல் எடுத்த பொருள் பாதிக் கதையை இழந்துவிடும். எழுதத் தெரியாத குழந்தைகள் நான்கு வண்ணக் கட்டங்கள் அச்சிட்ட தாளில் படம் வரையட்டும். அத்துடன் கைபேசியில் ஒரு நிமிடக் காணொளி எடுங்கள்: குழந்தை தன் பொருளைக் காட்டி, கீழே வைத்து, சைகையில் விளக்குகிறது. சைகை மொழிக்கு எழுத்து வடிவம் பரவலாக இல்லாததால் இந்தக் காணொளிதான் அந்தக் குழந்தையின் உண்மையான களக் குறிப்பு. பெற்றோரின் சம்மதம் வாங்கிக்கொண்டு எடுங்கள், பெற்றோருக்கே கொடுத்துவிடுங்கள். வீட்டில் அதைப் பார்த்துப் பெற்றோர் சைகை கற்றுக்கொள்வதும் நடக்கிறது.

கைகளுக்கென்று ஒரு நாள்

இரண்டு மூன்று தொட்டி வகுப்புகளுக்குப் பிறகு குகைக் கைத்தடங்களுக்கு ஒரு முழு வகுப்பை ஒதுக்குங்கள். கையைப் பாறையில் வைத்து, சுற்றிலும் வண்ணத்தை ஊதி, கையை எடுத்தால் பாறை நிறத்திலேயே ஒரு கை நின்றுவிடும். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் இப்படிப்பட்ட ஒரு கைத்தடம் குறைந்தது 39,900 ஆண்டுகள் பழமையானது என்று 2014-ல் அறிவித்தார்கள். அர்ஜென்டினாவில் ‘கைகளின் குகை’ என்றே பெயர் பெற்ற இடத்தில் நூற்றுக்கணக்கான கைகள், பெரும்பாலும் இடது கைகள். ஏன் இடது? குழந்தைகளிடம் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். வலது கையில் வண்ணம் ஊதும் குழல் இருந்திருக்கும் என்று யாராவது கண்டுபிடிப்பார்கள். என் வகுப்புகளில் எப்போதும் யாரேனும் ஒருவர், ஒரு கையை மேசையில் வைத்து, மறுகையால் எதையோ பிடிப்பதுபோல் நடித்துப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

பிரான்சின் கார்காஸ் குகையில் உள்ள கைத்தடங்கள் பலவற்றில் விரல்கள் குறைவாக இருக்கின்றன. விரல்களை இழந்தவர்களின் கைகள் என்று சிலர் கருதுகிறார்கள். விரல்களை மடக்கி வைத்து ஊதியிருக்கிறார்கள், வேட்டைக்காரர்களின் சைகைக் குறிகளாகக்கூட இருக்கலாம் என்று வேறு சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். முடிவு கிடையாது. அந்தத் தடங்களின் படங்களைக் கொடுத்து, அதே வடிவங்களைத் தங்கள் கையில் செய்து பார்க்கச் சொல்லுங்கள். அவர்களுக்குத் தெரிந்த எழுத்துகளும் எண்களும் சொற்களும் அந்த வடிவங்களில் அகப்படும். அறை முழுக்கக் கைகள் பறக்கும். அது அந்தக் காலத்து மனிதர்களின் பொருள் அல்ல என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். ‘இருக்கலாம்’ என்ற சைகை இப்போது கைகொடுக்கும்.

செய்முறைக்கு வாயால் ஊதவிட வேண்டாம். தண்ணீரில் கரையும் வண்ணத்தைத் தெளிப்பான் பாட்டிலில் ஊற்றிக்கொடுங்கள். இரண்டு இரண்டு பேராகச் சேரட்டும்: ஒருவர் கை வைக்க, மற்றவர் தெளிக்கட்டும். விரும்பியவர்கள் தங்கள் பெயர்ச் சைகையின், அதாவது தங்களைக் குறிக்கும் தனிச் சைகையின், கைவடிவத்தைத் தாளில் பதிக்கலாம்.

அருங்காட்சியகத்துக்குப் போகும்போது

முன்கூட்டியே பேசி மூன்றே பொருள்களைத் தேர்ந்தெடுங்கள். விளக்குபவர் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும்; நடந்துகொண்டே பேசக் கூடாது. மங்கலான கூடங்களில் சைகை தெரியாது, வெளிச்சமான இடத்தில் சொல்லிவிட்டுப் பிறகு உள்ளே அழைத்துப் போங்கள். தொட்டுப் பார்க்கத் தரும் மாதிரிகள் உண்டா என்று கேளுங்கள். பல அருங்காட்சியகங்களில் உண்டு, கேட்பவர்களுக்குத்தான் எடுத்துத் தருகிறார்கள்.

வகுப்பை முடிக்கும்போது

கிடைத்த துண்டுகளை வைத்துப் பானையைக் காகித ஒட்டுநாடாவால் சேர்த்து நிறுத்துங்கள். ஒரு துண்டை மட்டும் நான் எப்போதும் தொட்டியின் மூலையில் ஆழமாகப் புதைத்து வைப்பேன். முதல் நாளில் யாருக்கும் கிடைக்காது. வயிற்றில் ஓட்டையோடு நிற்கும் பானையை மேசை நடுவில் வைத்துவிட்டு, அந்த ஓட்டையைச் சுட்டி, புருவத்தைச் சுருக்கி, ‘எங்கே?’ என்று கேட்பேன். பிறகு தொட்டியை மூடிவிடுவேன். அடுத்த வாரம் அவர்கள் வரும்போது பானை அதே இடத்தில் இருக்க வேண்டும். பையைக் கீழே வைப்பதற்கு முன்பே அந்த ஓட்டையைப் பார்த்துவிடுவார்கள்.